கடற்பறவையின் கணக்கும் கடற்றொழிலாளியின் கணக்கும்

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரப் பகுதியிலும், கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை புகையிரதப் பாதையை ஒட்டிக் கிடக்கும் கற்பாறைக் கரையிலும் மாலை வேளைகளில் காற்று வாங்கச் செல்லும் கொழும்புவாசிகளுக்குக் கடற்பறவைகள் புதியனவல்ல. மெலிந்த உடல், கத்தி போன்ற சிறகு, பிளவுபட்ட வால், நீருக்கு மேல் ஒரு கணம் அந்தரத்தில் நின்று தலைகீழாகப் பாயும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு ஆலா எனப்படும் பறவையை எவரும் எளிதில் இனங்கண்டுகொள்ளலாம். ஆசை மிகுந்து அலைபவனை 'ஆலாய்ப் பறக்கிறான்' என்று சொல்லும் வழக்கு நம்மிடையே உண்டு. அவ்வழக்கு இப்பறவையிலிருந்தே பிறந்தது எனக் கருதுவோரும் உளர். அக்கருத்து சரியாயின், இப்பறவைக்கு நாம் சிறிது அநீதி இழைத்துவிட்டோம் என்றே கூறவேண்டும். ஏனெனில், குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஆலாவைப் போன்று வரவையும் செலவையும் சீர்தூக்கிப் பார்த்து நடக்கும் உயிரினங்கள் அரிது.

கடற்பறவையின் இக்கட்டு இதுதான். உணவு கடலில் இருக்கிறது. முட்டையும் குஞ்சும் கரையில் இருக்கின்றன. இரண்டிற்கும் இடையிலான தூரத்தை அது ஒவ்வொரு முறையும் சிறகடித்துக் கடந்தாக வேண்டும். பகற்பொழுதின் நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு. உடலின் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. இவ்விரு எல்லைகளுக்குள் தானும் உயிர் வாழ்ந்து, குஞ்சையும் ஆளாக்க வேண்டும். கடந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரியல் அறிஞர்கள் இந்தக் கணக்கை ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டறிந்தவை மன்னார்க் கடலைப் பற்றியும், அக்கடலை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் கடற்றொழிலாளரைப் பற்றியும் நமக்குச் சில உண்மைகளைச் சொல்கின்றன.

ஆதாம் பாலத்தின் மணற்றிட்டுகள்

கொழும்புக் கரையில் நாம் காணும் ஆலாக்களிற் பல வழிப்போக்கர்களே. தென்மேற்குப் பருவக்காற்றின் பிற்பகுதியில், கண்ணுக்கு மேல் வெண்ணிறக் கோடு கொண்ட வெண்புருவ ஆலாக்கள் இலங்கையின் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கிக் கடந்து செல்கின்றன. கடற்பறவைகளை நீண்டகாலம் அவதானித்து வந்த றெக்ஸ் ஐ. டி சில்வா அவர்கள் 1980களில் இந்த இடப்பெயர்ச்சியைப் பதிவு செய்தமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும், இலங்கையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் ஆலாக்களும் உள்ளன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளத்துக்குத் தொடரும் மணற்றிட்டுகளை முஸ்லிம்கள் ஆதாம் பாலம் என்றும், இந்துக்கள் இராமர் அணை என்றும் அழைப்பர். அவற்றுள் இலங்கைக்கு உட்பட்ட திட்டுகளில், ஆண்டின் நடுப்பகுதி மாதங்களில் சிறிய ஆலா, வெண்புருவ ஆலா, பெரிய கொண்டை ஆலா முதலியவை கூடுகின்றன. கூடு என்று சொல்வது மரபு கருதியே. பெரும்பாலும் அது மணலில் கிண்டிய ஒரு சிறு குழி மட்டுமே. மனித வாசமும் நரி, நாய், பூனை போன்றவற்றின் தொல்லையும் இல்லாத இடம் என்பதாலேயே பறவைகள் இத்திட்டுகளைத் தெரிவு செய்கின்றன. 2015ஆம் ஆண்டில் இப்பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

நிழலற்ற மணலில் முட்டையிடுவதால் முதற் செலவு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நண்பகல் வெயிலில் முட்டை வெந்துவிடாதிருக்கப் பெற்றோரில் ஒன்று அதன்மேல் நின்று நிழல் கொடுக்க வேண்டும். சிறிய ஆலா தன் வயிற்றிறகுகளைக் கடல்நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. குஞ்சு பொரித்த முதல் நாட்களிலும் இந்தக் காவல் தொடரும். ஆகவே, வீட்டில் உழைக்கக்கூடியவர் இருவராயினும் ஒருவரே வேலைக்குச் செல்லக்கூடிய நிலை. மற்றவரின் நேரம் முழுவதும் காவலுக்கே செலவாகிவிடுகிறது.

தூரமே பெருஞ்செலவு

ஆலாக்களிற் பெரும்பாலானவை ஒரு முறைக்கு ஒரு மீனையே அலகிற் கவ்விக்கொண்டு திரும்புகின்றன. இதன் விளைவை ஓர் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். இது விளக்கத்துக்காக நாம் போடும் கணக்கே தவிர, அளந்தெடுத்த புள்ளிவிபரம் அல்ல.

மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் ஓர் ஆலாவை எடுத்துக்கொள்வோம். மீன் கூட்டம் 4 கிலோமீற்றர் தொலைவில் இருந்தால் போய் வர 12 நிமிடம். ஒரு மீனைத் தேடிப் பிடிக்க 8 நிமிடம். ஆக ஒரு பயணத்துக்கு 20 நிமிடம். 12 மணித்தியாலப் பகலில் 36 மீன்களைக் கொண்டுவரலாம். இனி, அதே இடத்தில் மீன் பாதியாகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். தேடும் நேரம் இரட்டிப்பாகி 16 நிமிடம் ஆகும். பயணம் ஒன்றுக்கு 28 நிமிடம். ஒரு நாளைக்கு 25 மீன்கள். குஞ்சு சற்று மெலியும்; ஆனால் பிழைத்துக்கொள்ளும். அதற்கு மாறாக, மீன் முன்னைய அளவிலேயே இருந்து, 20 கிலோமீற்றர் தூரத்துக்கு விலகிச் சென்றுவிட்டால் போய் வர மட்டும் ஒரு மணித்தியாலம். பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் 68 நிமிடம். நாளொன்றுக்கு 10 மீன்களே கிடைக்கும். அந்தக் குஞ்சு பிழைப்பது அரிது.

கடலில் மொத்தமாக எவ்வளவு மீன் இருக்கிறது என்பதைவிட, கூட்டிலிருந்து எட்டக்கூடிய தூரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே குஞ்சின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் தெளிவாகும். ஓரிடத்தை மையமாகக் கொண்டு வெளியே சென்று இரை தேடித் திரும்பும் உயிர்களின் இந்த நெருக்கடியை 1970களின் இறுதியில் அறிஞர்கள் தனியொரு கோட்பாடாகவே வகுத்தனர். தூரம் கூடினால் சிறிய மீனைச் சுமந்து வருவது கட்டுப்படியாகாது என்பது அதன் ஒரு முடிவு. பறவையும் அவ்வாறே நடக்கிறது. பிடிபட்ட சிறு மீனைத் தான் அவ்விடத்திலேயே விழுங்கிவிட்டு, பெரிய மீனையே குஞ்சுக்கெனக் கவ்விச் செல்கிறது. இதைப் பார்ப்பவர்கள் தாயன்பு என்பர். அன்பு இருக்கட்டும், அதற்குள் ஒரு கூலிக் கணக்கும் இருக்கிறது.

பறவைகளின் பெருக்கமே தூரத்தைக் கூட்டுவதும் உண்டு. ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே தீவில் கூடும்போது அருகிலுள்ள மீன்கள் தீர்ந்துபோய், பெற்றோர் மேலும் மேலும் தொலைவுக்குச் செல்ல நேரிடும் என்று பிலிப் ஆஷ்மோல் 1963இல் எழுதினார். தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அசென்சன் தீவைச் சுற்றிப் பறக்கும் மீன்களைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. தீவைச் சுற்றி 150 கிலோமீற்றருக்கும் அப்பால் வரை மீன்கள் குறைந்த ஒரு வளையம் இருப்பதை அது நேரடியாகக் காட்டியது. பறவையின் பசியே இவ்வளவு பெரிய வெற்றிடத்தை உண்டாக்குமாயின், இயந்திரப் படகும் பெருவலையும் எவ்வளவு உண்டாக்கும் என்று தனியே விளக்கவேண்டியதில்லை.

உழைப்புக்கும் ஓர் எல்லை

நேரம் போதாதபோது பறவை கூடுதலாக உழைத்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் வரம்பு உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த ட்ரென்ட், டான் ஆகிய ஆய்வாளர்கள் 1980இல் ஒரு கருத்தை முன்வைத்தனர். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வரையே ஒரு பெற்றோர்ப் பறவை நாளாந்தம் தொடர்ந்து உழைக்க முடியும் என்பதே அது. அதற்கு மேல் உழைத்தால் பறவையின் உடல் இளைக்கும். அடுத்த ஆண்டுவரை உயிர் தங்குவது சந்தேகமாகும்.

பறக்கும் செலவும் எல்லாப் பறவைகளுக்கும் ஒன்றல்ல. வடதுருவக் கடல்களில் வாழும் கிலெமொட் என்ற பறவை நீருக்குள் நீந்துவதற்கு ஏற்ற குட்டைச் சிறகு உடையது. ஆழ்நீரில் அது வல்லவன். ஆகாயத்தில் அது கடனாளி. பறக்கும்போது அது ஓய்வுநிலைச் செலவின் 31 மடங்கைச் செலவிடுவதாக 2013இல் அளவிடப்பட்டது. மறுபுறத்தில், நீண்ட சிறகுடைய அல்பட்ரோஸ் காற்றின் விசையையே தன் எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. இந்து சமுத்திரத்தின் தென்கோடியிலுள்ள குரோசெட் தீவுகளில் அல்பட்ரோஸ்களின் உடலில் கருவி பொருத்திச் செய்மதி மூலம் பின்தொடர்ந்த ஆய்வு 1990இல் வெளியாகிய போது உலகம் வியந்தது. முட்டையைத் துணையிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்ற பறவைகள், ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீற்றர் வரை சுற்றித் திரும்பியிருந்தன.

அவ்வளவு தூரம் சென்று ஒரு மீனைக் கவ்வி வருவதில் பொருளில்லை. ஆகவே அல்பட்ரோஸும் அதன் உறவுப் பறவைகளும் வேறொரு வழியைக் கைக்கொள்கின்றன. உண்ட இரையை வயிற்றிலேயே கொழுப்பு மிகுந்த எண்ணெயாக மாற்றிக் கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன. பச்சை மீனைக் கருவாடாக்கினால் பாரம் குறைந்து, தொலைவூருக்கு அனுப்புவது கட்டுப்படியாவதைப் போன்றதே இது. ஆலாவுக்கு இந்த வசதி இல்லை. ஆகையால் அதன் எல்லையும் குறுகியது. குறிப்பாகச் சிறிய ஆலா, கூட்டிலிருந்து சில கிலோமீற்றருக்குள் உள்ள ஆழங்குறைந்த கடலையே நம்பியிருக்கிறது.

தென்கடலின் சில பெட்ரல் பறவைகளிடம் இன்னுமொரு விந்தையான ஏற்பாடு 1990களில் அறியப்பட்டது. அவை குறுகிய பயணங்களையும் நீண்ட பயணங்களையும் மாறி மாறி மேற்கொள்கின்றன. குறுகிய பயணத்தில் குஞ்சுக்கு அடிக்கடி உணவு கிடைக்கிறது. பெற்றோரின் நிறையோ குறைகிறது. நீண்ட பயணத்தில் குஞ்சு பல நாள் காத்திருக்கிறது. பெற்றோர் இழந்த நிறையை மீட்டுக்கொள்கிறது. சில நாள் பிள்ளைக்காக, சில நாள் தனக்காக என்ற இந்த ஒழுங்கு, தன் உடலின் கையிருப்பைப் பார்த்துப் பறவை எடுக்கும் முடிவாகவே கருதப்படுகிறது.

பெற்றோரா, பிள்ளையா?

கையிருப்பு முற்றிலும் குறைந்துவிட்டால் யார் பட்டினி கிடப்பது? பெற்ற மனம் பித்து என்பது நம் பழமொழி. ஆனால் கடற்பறவைகளிற் பல வேறு விதமாகவே நடந்துகொள்கின்றன. பெட்ரல் இனமொன்றில் பெற்றோரின் சிறகிறகுகளைச் சிறிது கத்தரித்துப் பறக்கும் செலவைக் கூட்டிப் பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. பெற்றோர் தம் உடலை வருத்திக் குஞ்சைக் காக்கவில்லை. குஞ்சுக்குக் கொடுக்கும் உணவையே குறைத்தன. குஞ்சின் வளர்ச்சி தாமதமானது.

இதைக் கொடுமை எனக் கொள்வது பிழை. பெருங்கடற் பறவைகளிற் பல ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவன. ஆனால் பல்லாண்டு வாழ்வன. பசுபிக் சமுத்திரத்தின் மிட்வே தீவில் 1956இல் வளையம் இடப்பட்ட 'விஸ்டம்' என்ற பெண் அல்பட்ரோஸ் 2024ஆம் ஆண்டு இறுதியிலும் முட்டையிட்டது. இத்தகைய பறவை ஓர் ஆண்டுக் குஞ்சுக்காக உயிரை விட்டால், வரவிருக்கும் பல ஆண்டுக் குஞ்சுகளை இழந்தே தீரும். இதில் நமக்கொரு எச்சரிக்கை உண்டு. கடலில் உணவு குறையும்போது முதியன சாவதில்லை, குஞ்சுகளே சாகின்றன. வானில் பறவைகள் வழமைபோல் தென்படும். பல ஆண்டுகள் கழித்து, முதியன மறையும் வேளையில், அவற்றின் இடத்தை நிரப்ப இளையன இல்லாதிருப்பது தெரியவரும். அப்போது காலம் கடந்திருக்கும்.

சூரையும் ஆலாவும் மனிதனும்

வெளிக்கடல் ஆலாக்களுக்கு நீரில் மூழ்கி இரை தேடும் ஆற்றல் இல்லை. அவற்றிலொன்றான கரும் ஆலாவின் இறகு நீரில் ஊறிவிடுவதால் அது கடல்மேல் இறங்கி மிதப்பதும் அரிது. சூரை மீன்கள் கீழிருந்து துரத்தும்போது மேற்பரப்புக்கு எழும் சிறு மீன்களையே அது கொத்தி எடுக்கிறது. சூரை அழிந்தால் சிறு மீன் பெருகி ஆலாவுக்கு நன்மையாகும் என்று எண்ணுவது தவறு. மீன் ஆழத்திலேயே தங்கிவிடும், பறவைக்கு எட்டாது. இங்கும் இருப்பைவிட எட்டும் நிலையே முக்கியம் என்பதைக் காண்கிறோம். பறவை வட்டமிடும் இடத்தில் சூரை இருக்கும் என்பது நம் கடற்றொழிலாளருக்குத் தெரிந்த பாடம். தூண்டிலால் சூரை பிடிக்கும் மாலைதீவு மக்களும் பறவைக் கூட்டத்தைப் பார்த்தே படகைத் திருப்புவர்.

பறவையின் கணக்கும் கடற்றொழிலாளியின் கணக்கும் ஒன்றே என்பதற்கு 2022ஆம் ஆண்டு சாட்சி. எரிபொருள் நெருக்கடியின்போது மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பேசாலையிலும் சிலாவத்துறையிலும் கற்பிட்டியிலும் சிறு படகு வைத்திருப்போருக்கு, எவ்வளவு தூரம் சென்றால் கட்டுப்படியாகும் என்பதே அன்றாடக் கேள்வியாயிற்று. அருகில் மீன் இருந்தால் சிறு எண்ணெயோடு அடுப்பெரியும். அருகில் இல்லையெனில் எவ்வளவு பிடித்தாலும் எண்ணெய்க்கே போய்விடும். ஆலா அனுபவிக்கும் தண்டனையும் இதுவே.

கரையோரக் கடலின் வளத்தை யார் குறைத்தாலும் இருவரும் சேர்ந்தே பாதிக்கப்படுவர். 2017ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. ஆயினும் பாக்கு நீரிணையில் எல்லை தாண்டிவரும் இழுவைப் படகுகளால் ஏற்படும் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. மேற்பரப்பில் திரியும் சூடை, சாளை, நெத்தலி போன்ற சிறு மீன்களைக் கூட்டத்தோடு வாரியெடுக்கும் சுருக்கு வலை பற்றிய முறைப்பாடுகளும் நெடுநாளையவை. இச்சிறு மீன்களே ஆலாக்குஞ்சின் உணவும், பெருமீன்களின் உணவும் ஆகும்.

மூன்றிலொரு பங்கு

பறவைகளுக்கென எவ்வளவை விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு 2011இல் ஒரு விடை கிடைத்தது. உலகின் ஏழு கடற்பகுதிகளில் 14 கடற்பறவை இனங்களின் நீண்டகாலப் பதிவுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இரை மீன்களின் அளவு அதன் உச்ச நிலையில் மூன்றிலொரு பங்குக்குக் கீழே இறங்கியதும் குஞ்சு பொரிப்பு திடீரெனச் சரிவதைக் கண்டனர். பறவை நேரத்தையும் உழைப்பையும் சரிசெய்து ஓரளவு வரை சமாளித்துக்கொள்கிறது. அந்த எல்லைக்குக் கீழே எந்தச் சாமர்த்தியமும் பலிப்பதில்லை.

மீன் குறைவது ஒன்றே ஆபத்தல்ல. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் நமது மேற்குக் கரையை மூடின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை இரையென விழுங்கும் பறவை, பயணச் செலவு முழுவதையும் செலுத்திவிட்டு வெறுமையைச் சுமந்து திரும்புகிறது. வயிறு நிரம்பிய குஞ்சு பசியால் மடிகிறது. மிட்வே தீவின் அல்பட்ரோஸ் குஞ்சுகளிடம் இது நீண்டகாலமாகக் காணப்படும் காட்சி.

காற்றாலைகள் பற்றிய விவாதத்தையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட 100 மெகாவாற்று தம்பபவனி நிலையம் இயங்குகிறது. தூய்மையான மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காற்றாலை எங்கே நிற்கிறது என்பதில்தான் விடயம் உள்ளது. பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்தில் ஆலாக்கள் கூடுகட்டும் இடத்துக்கும் கடலுக்கும் இடையில் நிறுவப்பட்ட காற்றாலைகளில் மோதி ஆலாக்கள் பல இறந்தமை பதிவாகியுள்ளது. இரை தேடும் பாதையில் தடை எழுந்தால் பறவை மோதி மடியும். அல்லது சுற்றிச் செல்லும். சுற்றிச் செல்வதற்கான விலையை ஒவ்வொரு பயணத்திலும் குஞ்சே செலுத்தும்.

மணற்றிட்டில் மனிதர் கால்வைப்பதும் அவ்வாறே. படகொன்று அணைந்தவுடன் முழுக் கூட்டமும் எழுந்து வட்டமிடும். வந்தவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. பறவைக்கோ வீண் சிறகடிப்பு, முட்டைக்கு வெயில். பதினைந்து நிமிட வேடிக்கைக்கு ஒரு பருவத்தின் உழைப்பு பலியாகலாம்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் பறவைகள் கூடும் திட்டுகளில் எவரும் இறங்காதிருக்க வேண்டும். சுற்றுலாவுக்குப் படகு விடுவதாயின் தொலைவில் நின்றே பார்க்கச் செய்யலாம். தேசியப் பூங்காவின் எல்லையை வகுக்கையில் மணலை மட்டும் எண்ணாமல், அந்த மணலிலிருந்து ஆலா எட்டக்கூடிய கடலையும் எண்ண வேண்டும். அக்கடலில் எந்த வலை, எந்தக் காலம் என்பதைத் திணைக்களங்கள் மட்டும் தீர்மானிக்காமல், மன்னார்க் கரையின் கடற்றொழிலாளரையும் அமர்த்திப் பேச வேண்டும். பறவையைக் காப்பதற்காக அவர்களை விரட்டுவது நோக்கமாக இருக்கக்கூடாது. கரையோர மீன் வளம் மீண்டால் முதலில் நன்மை பெறுவோர் சிறு படகுக்காரரே.

இறைவனில் நம்பிக்கை வைத்தலுக்கு இஸ்லாமிய மரபு பறவையையே உதாரணமாகக் காட்டும். அந்த உதாரணத்திலும் பறவை கூட்டிலேயே குந்தியிருப்பதில்லை, இரை தேடிப் புறப்படுகிறது என்பதை மார்க்க அறிஞர்கள் எடுத்துரைப்பர். புறப்படுவது பறவையின் கடமை. புறப்பட்ட பறவைக்கு எட்டும் தூரத்தில் கடலில் ஏதேனும் எஞ்சியிருக்கச் செய்வது மனிதரின் கடமை.